மெஷின் ஓடும் மணிக்குத்தான் கணக்கு: ஃப்ரீலான்ஸ் ரேட்டை எப்படி முடிவு செய்வது?

கோவை கணபதியில் என் மனைவியின் அண்ணன் ஒரு ஜாப் ஒர்க் பட்டறை, அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் குடைந்து செதுக்கும் இரண்டு விஎம்சி மெஷின், மூலையில் ஒரு பழைய லேத். பம்ப் கம்பெனிகளுக்கும் வால்வு கம்பெனிகளுக்கும் பாகங்கள் கடைந்து கொடுப்பார். யாராவது டிராயிங் அனுப்பி விலை கேட்டால், கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடுவார். எத்தனை நிமிடம் ஓடும், மெஷினுக்கு மணிக்கு எவ்வளவு. இரண்டையும் பெருக்கினால் விலை.

நான் ஐடி வேலையை விட்டுவிட்டு வெப்சைட் செய்து கொடுக்கும் தொழிலுக்கு வந்த முதல் வருடம், எனக்கு என் மணி ரேட் தெரியாது. தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் இன்னும் மோசம். கையில் வந்துகொண்டிருந்த சம்பளம் 50,000. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம், மொத்தம் 208. வகுத்தால் 240 ரூபாய். சொந்தத் தொழில் ஆயிற்றே என்று கொஞ்சம் தாராளமாக 300 என்று வைத்துக்கொண்டேன். ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்தேன். மார்ச் மாதம் பாங்க் ஸ்டேட்மென்டை எடுத்துப் பார்த்தால், சராசரியாக மாதம் 25,000கூட வரவில்லை.

மச்சானிடம் புலம்பினேன். அவர் என் கணக்கைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மாப்பிள்ளை, ஷெட் திறந்திருக்கிற மணியை வெச்சு ரேட் போட்டிருக்கீங்க. மெஷின் ஓடுற மணியை வெச்சுல்ல போடணும்?"

இந்தக் கட்டுரையில் நான் ஒப்பிடப் போகும் வழிகள் எல்லாவற்றையும் நானே ஒரு காலத்தில் முயன்று பார்த்திருக்கிறேன். எல்லாம் சமமான வழிகள் என்று பாசாங்கு செய்ய மாட்டேன். ஒன்றைத்தான் அடித்தளமாக வைக்க முடியும். மற்றவை பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள உதவும், சிலது அதற்கும் உதவாது.

சம்பளத்தை வகுத்துப் பார்ப்பது

உதவாததிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பெரும்பாலானவர்கள் முதலில் போடும் கணக்கு இதுதான், காரணம் சம்பளம் ஒன்றுதான் நமக்குத் தெரிந்த எண்.

கம்பெனியில் மீட்டிங்கில் உட்கார்ந்து கொட்டாவி விட்ட மணிக்கும் சம்பளம் வந்தது. தீபாவளிக்கும் வந்தது, காய்ச்சலில் படுத்திருந்தபோதும் வந்தது. அதற்கு மேல், சம்பளத்தோடு நாம் கவனிக்காத விஷயங்கள் இருக்கின்றன. பிஎஃப்பில் நம் பங்குக்கு 12 சதவீதம் பிடிப்பது போல நிர்வாகமும் 12 சதவீதம் போடுகிறது. ஐந்து வருடம் முடித்தால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் கிராஜுவிட்டி உண்டு. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, லேப்டாப், ஏசி, இன்டர்நெட், ஏன், இயந்திரத்தில் வரும் அந்தக் கண்ணராவி காபி வரைக்கும் யாரோ ஒருவர் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். தனியாக வந்தவுடன் அந்த யாரோ ஒருவர் நாம்தான்.

எனவே 240 என்பது சம்பளக்காரனின் மணி. அதே வாழ்க்கையை ஃப்ரீலான்சராக வாழ எவ்வளவு வேண்டும் என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது.

மார்க்கெட் ரேட்

"மத்தவங்க எவ்வளவு வாங்குறாங்க?" இந்தக் கேள்வியை ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஒருவர் 250 என்றார், இன்னொருவர் 2,000 என்றார். விசாரித்தபோது இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. முதலாமவர் கல்லூரி முடித்த பையன். வீட்டு வாடகை அப்பாவின் கணக்கு, சாப்பாடு அம்மாவின் கணக்கு. இரண்டாமவருக்கு இந்தியாவுக்குள் வாடிக்கையாளரே கிடையாது, எல்லாம் அமெரிக்காவில். இந்த இரண்டுக்கும் சராசரி எடுத்து 1,125 என்று வைத்துக்கொண்டால், அது இரண்டு பேருக்குமே பொருந்தாத எண்ணாக இருக்கும், மூன்றாமவனான எனக்கும்தான்.

ஆன்லைன் தளங்களில் தெரியும் ரேட் இன்னும் ஏமாற்றும். ஃபைவரில் வாடிக்கையாளர் 100 டாலர் கொடுத்தால் 20 டாலரைத் தளம் எடுத்துக்கொள்ளும். அப்வொர்க்கில் முன்பு ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் முதல் 500 டாலருக்கு 20 சதவீதம், பிறகு படிப்படியாகக் குறையும் என்று இருந்தது. 2023இல் எல்லாவற்றுக்கும் 10 சதவீதம் என்றார்கள். 2025 மே மாதத்திலிருந்து புது ஒப்பந்தங்களுக்கு வேலையைப் பொறுத்து 0 முதல் 15 சதவீதம் வரை. அதற்கு அப்புறம் பணத்தை இங்கே கொண்டுவரும் கட்டணம், டாலரை ரூபாயாக மாற்றும்போது கடிக்கும் கடி. திரையில் தெரியும் 15 டாலரும் கைக்கு வரும் 15 டாலரும் ஒன்றல்ல.

அதற்காக மார்க்கெட் ரேட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நாம் எந்தத் தெருவில் கடை போட்டிருக்கிறோம் என்று அது காட்டும். மச்சான் அடிக்கடி சொல்லும் ஒன்று: லேத் ரேட்டுக்கு விஎம்சி வேலை கேட்டு வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள், அவர்களைத் திருப்பி அனுப்பக் கூச்சப்படக் கூடாது. 5,000 ரூபாய்க்கு வெப்சைட் என்று விளம்பரம் போடுகிறவரோடு நான் போட்டி போட்டால் தோற்பேன். அவர் ரெடிமேட் டெம்ப்ளேட்டில் பெயரை மாற்றிக் கொடுக்கிறார், ஒரு மணி நேர வேலை. அது தப்பும் இல்லை, ஆனால் வேறு கடை.

தேவையிலிருந்து மேலே கட்டுவது

இதுதான் பட்டறைக் கணக்கு. மெஷின் லோன் தவணை, கரன்ட், ஆபரேட்டர் கூலி, ஷெட் வாடகை, டூல் தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டி, மெஷின் உண்மையில் ஓடும் மணியால் வகுப்பது. இதையே என் தொழிலுக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் என்னுடையவை. உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

வீட்டுச் செலவு மாதம் 45,000, வருடத்துக்கு 5,40,000. இதில் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், வண்டி எல்லாம் அடக்கம்.

தொழில் செலவு அடுத்தது. 90,000 ரூபாய் லேப்டாப் நான்கு வருடம் உழைக்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 22,500. இன்டர்நெட் 12,000. சாஃப்ட்வேர் சந்தாவும் சோதனைக்கு வைத்திருக்கும் சர்வரும் 30,000. ஆடிட்டர் 8,000. கரன்ட், இன்வெர்ட்டர் பேட்டரி, நாற்காலி, இந்த மாதிரிச் சில்லறை 24,000. போன் 6,000. மொத்தம் 1,02,500.

மூன்றாவது, முன்பு கம்பெனி பார்த்துக்கொண்டது. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு 30,000. தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி எடுத்துவிட்டார்கள், அது ஒரு ஆறுதல். ஓய்வுக்காலத்துக்கு மாதம் 10,000 வீதம் 1,20,000. வேலை வராத மாதங்களுக்கான கையிருப்பு 50,000. ஆக 2,00,000.

இதுவரை 8,42,500. இதோடு வராத பணத்துக்கு ஐந்து சதவீதம். இந்தத் தொழிலில் இரண்டு வருடம் இருந்தவர் எவரும் இந்த ஐந்து சதவீதம் ஏன் என்று கேட்க மாட்டார். ஏறக்குறைய 42,500. மொத்தம் 8,85,000.

வரி? இந்த அளவு வருமானத்துக்குப் பெரிய கவலை இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை பொதுவான வருமானத்துக்கு வரி வராது. ஐடி, பொறியியல், கட்டடக்கலை, சட்டம் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு, ஆடிட்டர்கள் 44ஏடிஏ என்று சொல்லிப் பழகிய ஏற்பாட்டில், மொத்த வரவில் பாதியையே வருமானமாகக் காட்டலாம். எல்லாத் தொழிலுக்கும் அது இல்லை என்பதால், எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர் போன்றவர்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டே கணக்குப் போட வேண்டும். உங்கள் மொத்தம் இதைவிடப் பெரிதாக இருந்தால் வரியையும் ஒரு செலவாக எழுதிவிடுங்கள்.

இனி மணி. இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். வருடத்தில் 365 நாள். சனி ஞாயிறு 104 போனால் 261. பண்டிகை 12, ஊருக்குப் போவது 15, உடம்பு சரியில்லாதது 7, கல்யாணம் காதுகுத்து என்று உறவுக்காரர் வீட்டு விசேஷங்கள் 7. விசேஷத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். மீதி 220 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 1,760.

ஷெட் திறந்திருக்கும் மணி இது. மெஷின் ஓடிய மணி எவ்வளவு? மூன்று மாதம் எக்செல்லில் எழுதிப் பார்த்தேன். பில் போடக்கூடிய வேலை ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம், அதுவும் நல்ல நாளில். மற்ற நேரமெல்லாம் கொட்டேஷன் தயாரிப்பதிலும், கொட்டேஷன் கொடுத்தவரிடம் "பாத்தீங்களா சார்" என்று கேட்பதிலும், புதிதாக வந்த ஒன்றைக் கற்றுக்கொள்வதிலும், பேமென்ட் எப்போது வரும் என்று அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு போன் போடுவதிலும் போயிருந்தது. இதெல்லாம் வேலைதான். ஆனால் யாரும் இதற்கு விலை கொடுப்பதில்லை. மெஷினில் வேலை மாற்றும்போது பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஜிக் கட்டி, டூல் செட் செய்யும் நேரம் போல.

220 நாளை நாலரையால் பெருக்கினால் 990. 8,85,000 வகுத்தல் 990. மணிக்கு 894 ரூபாய். 900 என்று வைத்துக்கொண்டேன். நான் முதல் வருடம் வாங்கியது 300. 300ஐ 990ஆல் பெருக்கிப் பாருங்கள், 2,97,000 வரும். மாதம் 24,750. பாங்க் ஸ்டேட்மென்ட் சொன்னதும் அதைத்தான்.

இந்தக் கணக்கின் பெரிய பலன் எந்தத் திருகைத் திருகினால் என்ன ஆகும் என்று தெரிவது. வீட்டுச் செலவில் பத்து சதவீதத்தைக் கஷ்டப்பட்டுக் குறைத்தால் ரேட்டில் இறங்குவது சுமார் 55 ரூபாய். ஆனால் ஒரு நாளைக்கு விற்கும் மணி நாலரையிலிருந்து மூன்றாகக் குறைந்தால் ரேட் 1,340க்கு ஏற வேண்டும். காபியைக் குறைப்பதைவிடத் தேவையில்லாத கொட்டேஷனைக் குறைப்பதுதான் லாபம். இப்போதெல்லாம் "ஒரு ஐடியாவுக்கு ரேட் சொல்லுங்க" என்று கேட்பவர்களுக்கு மூன்று பக்கக் கொட்டேஷன் அனுப்புவதில்லை. போனிலேயே ஒரு வீச்சு சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள், நல்லது.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. இந்த ரேட்டை வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வாரா என்பது பற்றி இதற்கு எதுவும் தெரியாது. என் செலவு அவர் பிரச்சினை இல்லை. 894 என்பது நான் இறங்கக் கூடாத தரை. மேலே எவ்வளவு போகலாம் என்று மார்க்கெட்தான் சொல்லும். தரைக்கும் கீழேதான் மார்க்கெட் இருக்கிறது என்றால், ரேட்டைக் குறைப்பது தீர்வல்ல. வேறு வாடிக்கையாளரையோ வேறு வேலையையோ தேட வேண்டும், அல்லது கொஞ்ச நாள் சம்பளத்துக்குப் போக வேண்டும். நான் இடையில் எட்டு மாதம் அப்படிப் போனேன், வெட்கம் ஒன்றும் இல்லை.

பலனை வைத்து விலை சொல்வது

ஆன்லைனில் புடவை விற்கும் ஒருவருக்குத் தீபாவளிக்கு முந்தின வாரம் பணம் கட்டும் பக்கம் நின்றுவிட்டது. இரவு பத்து மணிக்கு போன். இரண்டு மணி நேரத்தில் சரி செய்தேன். என் ரேட்டில் 1,800. நான் 6,000 கேட்டேன், மறு பேச்சில்லாமல் அனுப்பினார். பட்டறையிலும் இது உண்டு. ஓடுகிற மில்லில் ஒரு பாகம் உடைந்து ராத்திரி தூக்கிக்கொண்டு வந்தால் அதற்குப் பிரேக்டவுன் ரேட்.

வாடிக்கையாளருக்கு என்ன லாபம் என்று ரூபாயில் இரண்டு பேருக்கும் தெரிகிற இடத்தில் மட்டும் இது நடக்கும். ஒரு பம்ப் கம்பெனியின் வெப்சைட்டால் எத்தனை பம்ப் விற்றது என்று அந்த முதலாளிக்கே தெரியாது, நான் எதை வைத்து விலை பேசுவது? மேலைநாட்டு ஆலோசகர்கள் இந்த முறையைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு வருடத்தில் நாலைந்து முறை வாய்க்கிறது. வாய்க்கும்போது வாங்கிக்கொள்வேன், அதை நம்பி வாடகைக்கு வீடு பார்க்க மாட்டேன்.

ரேட்டை வாடிக்கையாளரிடம் சொல்லலாமா?

ரேட் தெரிந்துவிட்டது. அதை அப்படியே வெளியே சொல்வதா, மொத்த விலைக்குள் ஒளித்து வைப்பதா என்பது தனிக் கேள்வி.

மணிக்கு 900 என்று உள்ளூர் முதலாளியிடம் சொன்னால் முதல் பதில், "ஏனுங்க, நம்ம ஆளுக்கு நாள் கூலியே அவ்வளவுதானுங்களே". அவர் பார்வையில் நியாயம்தான். அதனால் உள்ளூரில் மொத்த விலைதான் எடுபடும். ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்திருக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு 45,000 ரூபாய்க்கு சைட் ஒப்புக்கொண்டேன். 50 மணி நேர வேலை என்பது என் கணக்கு. படங்கள் வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக வந்தன. முதலாளிக்குப் பிடித்த நிறம் அவர் மகனுக்குப் பிடிக்கவில்லை. "சின்ன சேஞ்சுதானுங்க தம்பி" என்று பதினேழு முறை. முடியும்போது 130 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 346. அந்த மாதம் நான் பழைய 300க்கே திரும்பிப் போயிருந்தேன், எனக்கே தெரியாமல்.

தப்பு மொத்த விலையில் இல்லை, எல்லை போடாததில் இருந்தது. இப்போது கொட்டேஷனில் இரண்டு முறை திருத்தம் விலைக்குள், அதற்கு மேல் மணிக்கு 1,000 என்று தெளிவாக எழுதுகிறேன். அந்த வரியைப் பார்த்தவுடன் முதலாளியும் மகனும் முதலில் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மணிக்கணக்கு பழக்கமானது. நேரக் குறிப்பை அனுப்பினால் கேள்வி கேட்காமல் பணம் வரும். இதில் வேறு சிக்கல்: கை பழகப் பழக வருமானம் குறையும். முதல் வருடம் லாகின் பக்கம் செய்ய எனக்கு ஆறு மணி நேரம், இப்போது ஒன்றரை. ரேட் ஏறாவிட்டால் திறமைக்கு அபராதம் கட்டிய மாதிரி ஆகிவிடும். மணிக்கணக்கில் வேலை செய்கிறவர் வருடா வருடம் ரேட்டை ஏற்றியே ஆக வேண்டும்.

மூன்றாவது, மாதாந்திர ஒப்பந்தம். எனக்கு மிகவும் பிடித்தது. மாதம் 10 மணி நேரம், 8,500 ரூபாய். பயன்படுத்தாத மணி அடுத்த மாதத்துக்குப் போகாது. தரைக்குக் கீழே இறங்கிவிட்டேனே என்று தோன்றலாம். ஆனால் இந்தப் பத்து மணிக்குக் கொட்டேஷன் இல்லை, துரத்தல் இல்லை, புது ஆளைப் புரிந்துகொள்ளும் நேரம் இல்லை. விற்காத மணி குறைவதால் 50 ரூபாய் தள்ளுபடி கட்டுப்படியாகிறது. இப்படி நான்கு பேர் இருந்தால் வாடகைக்கும் மளிகைக்கும் கவலை இல்லை. ஐந்தாவது ஆளிடம் பேரம் பேசும்போது குரல் தானாகவே நிமிரும்.

பணம் வரும் நாளும் ரேட்டில் சேர்த்தி

எங்கள் ஊர்ப் பக்கம் 60 நாள், 90 நாள் கடன் சகஜம். ஒருவர் உடனே கொடுக்கும் 900ம் இன்னொருவர் மூன்று மாதம் கழித்துக் கொடுக்கும் 900ம் ஒரே ரேட் இல்லை. நான் பாதியை அட்வான்ஸாக வாங்கிவிடுகிறேன். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம், அதையும் செய்துவைத்திருக்கிறேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தத்தில் அதிக நாள் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. சட்டத்தைக் காட்டி வாடிக்கையாளரை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. 2023-24 நிதியாண்டிலிருந்து, காலத்தில் கொடுக்காத பாக்கியை வாங்கியவர் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியிலும் வந்துவிட்டது. அதனால் மார்ச் மாதம் அக்கவுன்ட்ஸ்காரரே கூப்பிட்டு உத்யம் சான்றிதழ் கேட்கிறார்.

பணம் தரும்போதே ஒரு பகுதியை வருமான வரியாக டிடிஎஸ் என்று பிடிப்பதை ரேட் குறைந்ததாக நினைக்க வேண்டாம். தொழில்முறைக் கட்டணத்துக்கு ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருடத்தில் 50,000க்கு மேல் போனால் 10 சதவீதம் பிடிப்பார்கள், ரிட்டர்ன் போடும்போது திரும்ப வாங்கலாம். கை மட்டும் கொஞ்ச நாள் இறுகும். ஜிஎஸ்டி, சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். தாண்டும்போது 18 சதவீதம் சேரும். ஜிஎஸ்டி பதிவு செய்த கம்பெனிக்கு அது தான் கட்டும் ஜிஎஸ்டியில் கிரெடிட்டாகக் கழிந்துவிடும், பதிவு செய்யாத சின்னக் கடைக்கு அது முழு விலையேற்றம். உங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் சின்னக் கடைகள் என்றால் அந்த எல்லை அருகில் வரும்போது ரேட்டை மறுபடியும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மறுபடி பார்ப்பது எப்படியும் வருடத்துக்கு ஒரு முறை தேவை. நான் மார்ச்சில் செய்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு அன்றிலிருந்தே புது ரேட், பழையவர்களுக்கு ஒரு மாதம் முன்னாடியே சொல்லிவிட்டு மே மாதத்திலிருந்து. போன முறை ஏற்றியபோது ஒருவர் விலகினார். அவருக்குச் செலவழித்த மணிகளை எக்செல்லில் பார்த்தேன், விலகியது நல்லதாகப் போயிற்று.

சென்ற ஆடியில் மச்சானின் பட்டறைக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். மெஷின் படங்கள், செய்து கொடுத்த பாகங்களின் பட்டியல், கொட்டேஷன் கேட்க ஒரு படிவம். 38 மணி நேரம் ஆனது. பில் எவ்வளவு என்று கேட்டார், நான் சொல்லவில்லை. அவர் விடாமல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு நாட்டுக்கோழி வைத்தார். சாப்பிட்டு முடித்து எக்செல்லைத் திறந்தேன். அந்த 38 மணியை விற்காத மணிக் கணக்கில், காதுகுத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.